முசோலினியின் கணக்கைத் தட்டிக் கேட்பது எப்படி?

இத்தாலியை ஆண்ட சர்வாதிகாரி முசோலினியைப் பற்றிப் பேச்சு வந்தால், "முசோலினி ஆட்சியில் போர்க்காலத்தில்கூடப் பொருளாதாரம் கட்டுக்கோப்பாக நடந்தது" என்று மஞ்சக்குப்பம் டீக்கடையில் என் மச்சான் ஆரம்பிப்பார். உடனே மறுக்காதீர்கள், நான் பல மாலைகளை அப்படித்தான் வீணடித்தேன். "எதை வைத்துச் சொல்கிறீர்கள், உற்பத்தியா, சோறா?" என்று கேட்டு, அளவுகோலை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

உற்பத்தி என்றால் உருக்கு. 1938இல் இத்தாலி செய்தது சுமார் 23 லட்சம் டன். ஜெர்மனி அதைப்போல் பத்து மடங்கு. சோறு என்றால் ரேஷன்: 1941 அக்டோபரில் சாதாரண ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் ரொட்டி.

பிறகு மோதிரக் கதை. எத்தியோப்பியா மீது இத்தாலி தொடுத்த போரின் செலவுக்காக 1935 டிசம்பர் 18 அன்று இத்தாலி அரசி எலெனா முதல் ஏழைப் பெண்கள் வரை திருமண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, இரும்பு மோதிரம் வாங்கிக்கொண்டார்கள். இதைக் கேட்ட என் மனைவி தன் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று மச்சான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஹிட்லரின் ஜெர்மனிக்குத் தாவுவார்: 1944இல் ஏறக்குறைய 40,000 விமானங்கள் செய்தார்களே! உண்மைதான், ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே உழைத்த 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவரில் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் என்பதையும் அவரை ஒப்புக்கொள்ளவையுங்கள்.

அதற்குப் பிறகும் "முசோலினி காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்ததே" என்பார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.