கட்டிலுக்கு அடியில் போன பூனையை இழுக்காதீர்கள்

காப்பகத்துக்குப் பூனை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் 'சமத்தாக' இருப்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கூண்டின் மூலையில் கால்களை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தூக்கினால் துணிமூட்டை மாதிரி கைக்கு வருகிற பூனை. எவ்வளவு அமைதி என்று தோன்றும். பல நேரம் அது அமைதி இல்லை, பயத்தில் உறைந்து கிடக்கிறது. தூங்குவது போல நடிப்பதும் பயந்த பூனையின் தற்காப்புதான். கண் மூடியிருந்தாலும் காது ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பும், உடம்பு தளராமல் விறைப்பாக இருக்கும். இதே பூனை வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும் பாய்ந்து பீரோவுக்குப் பின்னால் போய்விடும். "அங்கே நல்லாத்தானே இருந்துச்சு, இங்கே ஏன் இப்படி?" என்ற கேள்வி அன்றைக்கு ராத்திரியே வந்துவிடும்.

அங்கே ஓட இடமில்லை, இங்கே இருக்கிறது, அவ்வளவுதான். சென்னை மாதிரி ஊர்களில் பல காப்பகங்களில் நாய்களும் பூனைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குரைப்புச் சத்தம். மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கூண்டில் இருந்த பூனையைப் பத்து நிமிடம் பார்த்து அதன் குணத்தை முடிவு செய்ய முடியாது. கூண்டில் சீறிய பூனை வீட்டுக்கு வந்து மடியில் ஏறிய கதைகளும் உண்டு.

அதனால் பூனையைப் பார்ப்பதை விட, அதற்குத் தினமும் சாப்பாடு வைப்பவரிடம் பேசுவது பயன் தரும். ஆள் இருக்கும்போது சாப்பிடுகிறதா? கயிற்றை ஆட்டினால் கண் அதன் பின்னால் போகிறதா? கூண்டில் ஒட்டிக்கொண்டே திரியும் கூட்டாளி உண்டா? இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். எந்த வயதில் மீட்கப்பட்டது என்பதும் முக்கியம். குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்தால் மனிதர்களை எளிதில் ஏற்கும். அந்தக் காலத்தைத் தெருவிலேயே கழித்த பூனையும் பழகும், ஆனால் அதற்கு நிறைய நாள் பிடிக்கும்.

முழு வீட்டையும் கொடுத்துவிடுவது

நல்ல மனதோடு செய்யப்படும் தவறு இது. "வீடு முழுக்க சுத்திப் பார்க்கட்டுமே" என்று எல்லாக் கதவையும் திறந்து விடுவார்கள். கூச்சப் பூனைக்கு மூன்று அறை வீடு என்பது ஆபத்து எங்கிருந்து வரும் என்று தெரியாத ஒரு பெரிய காடு. எல்லாத் திசையையும் கவனிக்க முடியாததால் இருப்பதிலேயே இருட்டான பொந்தில் நுழைந்துகொள்ளும், அப்புறம் அதை வெளியே எடுப்பது உங்களுக்கும் வேதனை, அதற்கும் வேதனை.

ஒரு சின்ன அறை போதும். ஆள் நடமாட்டம் குறைந்த படுக்கையறை நல்லது. வாஷிங் மெஷின் ஓடும் இடமும் வாசல் பக்கமும் வேண்டாம். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், நடுவில் எங்காவது ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியில் இரண்டு பக்கம் ஓட்டை போட்டால் மாட்டிக்கொண்ட உணர்வு வராது. நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2014இல் வெளியானது. ஒளிய பெட்டி கிடைத்தவற்றுக்கும் கிடைக்காதவற்றுக்கும் மூன்றாம் நாளிலேயே பதற்றத்தில் தெளிவான வித்தியாசம் தெரிந்தது. ஆன்லைனில் ஏதாவது வாங்கினால் வருகிற பெட்டிதான், காசு கொடுத்துக் குகை வாங்க வேண்டிய அவசியமில்லை.

"ஒளிய இடம் கொடுத்தால் ஒளிந்துகொண்டேதானே இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நேர் எதிராகத்தான் நடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி ஓட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த பூனைதான் நாலடி வெளியே வந்து பார்க்கும்.

ஆனால் எல்லாப் பொந்தும் பாதுகாப்பானது இல்லை. பூனை வருவதற்கு முன்பே தரையில் படுத்து டார்ச் அடித்து அறையைப் பாருங்கள். பீரோவில் துணிகளுக்கு நடுவே பாச்சா உருண்டை போட்டிருப்போம். அதிலுள்ள நாப்தலீன் பூனைக்கு விஷம். எலி மருந்து வைத்த மூலை, ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம், கட்டிலின் அடித்துணி கிழிந்த இடம் எல்லாவற்றையும் சரி செய்யுங்கள். இன்னொன்று பினாயில். பூனையின் கல்லீரலால் ஃபீனால் வகை வேதிப்பொருட்களைச் சரியாக உடைக்க முடியாது. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் அது நேரே வயிற்றுக்குப் போகும். அந்த அறையை மட்டுமாவது வெறும் தண்ணீரில் துடைக்கச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும், கூடவே கதவைத் திறந்து போட வேண்டாம் என்பதையும்.

வெளியே இழுப்பது, உற்றுப் பார்ப்பது, ஊரைக் கூட்டுவது

தலைப்பில் சொன்ன விஷயம் இதுதான். இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது, ஒரு தடவை கையில் எடுத்துக் கொஞ்சினால் புரிந்துகொள்ளும் என்று நினைப்போம். அது புரிந்துகொள்வது வேறு: ஒளிந்த இடமும் பத்திரமில்லை, இந்தக் கை அங்கேயும் வரும். பிடரியைப் பிடித்துத் தூக்குவது அதைவிட மோசம். தாய்ப்பூனை குட்டியைத் தூக்குவதைப் பார்த்து நாமும் செய்கிறோம், ஆனால் வளர்ந்த பூனைக்கு அது வலி, பயம். பூனை மருத்துவர்களின் வழிகாட்டுதல்களே இப்போது அதை வேண்டாம் என்கின்றன.

பயந்த பூனை கடித்தால் அதைக் கோபித்துப் பயனில்லை, ஆனால் காயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கடியோ ரத்தம் வந்த கீறலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் இருக்கிற நாட்டில் "வீட்டுப் பூனைதானே" என்ற பேச்சே கூடாது. தடுப்பூசி அட்டையைத் தத்தெடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, இழுக்காமல் என்ன செய்வது? அறைக்குள் போய்த் தரையில், பூனைக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். புத்தகம் படியுங்கள், மொபைல் பாருங்கள், சின்னக் குரலில் போன் பேசுங்கள். பூனையைப் பார்க்காமல் இருப்பதுதான் இதில் முக்கியம். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது பூனை உலகத்தில் மிரட்டல். தற்செயலாகக் கண் சந்தித்தால் இமைகளை மெதுவாகப் பாதி மூடித் திறந்து, பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். இதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். மனிதர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டின. முன்பின் தெரியாத ஆள் அப்படிச் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டியபோது, முகத்தை உணர்ச்சியில்லாமல் வைத்திருந்ததை விட அதிகமாக அருகே வந்தன. செலவில்லாத வைத்தியம். கொஞ்சம் அசடாகத் தெரியும், பரவாயில்லை.

கிளம்பும்போது ஒரு துண்டு வேகவைத்த கோழியை உங்களுக்கும் பூனைக்கும் நடுவே வைத்துவிட்டுப் போங்கள். நாளடைவில் நீங்கள் இருக்கும்போதே அதை எடுக்க வரும். ஒரு நாள் உங்கள் முழங்காலை முகர்ந்து பார்க்கும். அப்போது சந்தோஷத்தில் வாரி எடுத்துவிடாதீர்கள், பல நாள் பாடு அந்த நொடியில் போய்விடும். ஒரு விரலை மூக்கின் மட்டத்தில் நீட்டுங்கள். அது கன்னத்தை உரசினால் கன்னமும் தாடையும் மட்டும் தடவுங்கள், இரண்டு மூன்று தடவையோடு நிறுத்தி, மேலும் கேட்கிறதா என்று பாருங்கள். வயிறு, வால், பாதம் இப்போதைக்கு வேண்டாம். தடவ விடாத பூனை விளையாட வரும் என்பது பலர் கவனிக்காத விஷயம். நீளக் குச்சியில் கட்டிய துணிக்கீற்றைப் பெட்டியிலிருந்து விலகி ஓடுகிற மாதிரி இழுங்கள்; இரை தப்பிப்பது போல இருந்தால்தான் துரத்தும், முகத்துக்கு நேரே ஆட்டினால் பயந்துவிடும். விளையாடி முடித்ததும் அந்தக் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும்.

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. புதுப் பூனை வந்திருக்கிறது என்று தெரிந்தால் பெரியம்மா முதல் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வரை வந்து கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல நமக்குக் கூச்சம். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அவர்மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

பட்டினி போட்டுப் பழக்குவது

"பசிச்சா தானா வரும்" என்பார்கள். நாய்க்கும் இது நல்ல யோசனை இல்லை, பூனைக்கோ உயிராபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டான பூனைக்கு, உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அது செயலிழக்கத் தொடங்கும். கூச்சப் பூனை ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பிடும், அதனால் படுக்கும்முன் தட்டில் எவ்வளவு இருந்தது, காலையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். முழுதாக ஒரு நாள் தொடவே இல்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். முதல் சில நாள் காப்பகத்தில் சாப்பிட்ட அதே உணவுதான் வைக்க வேண்டும், உணவை மாற்றுவதெல்லாம் அப்புறம்.

நம் வீடுகளில் இன்னும் சில சிக்கல்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும். மீன்குழம்புச் சோற்றில் வெங்காயமும் பூண்டும் உண்டு, இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. சைவ வீட்டில் பூனை வளர்க்கலாம், ஆனால் பூனையைத் தயிர்சாதத்தில் வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்கும். அது குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் பூனை உணவுகளில் அதன் அளவைக் கூட்டினார்கள். வீட்டில் இறைச்சி சமைக்காதவர்கள் தரமான பாக்கெட் உணவு கொடுத்தாலே போதும்.

மணல் தட்டை ஒவ்வொரு நாளும் பாருங்கள். வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும். ஆண் பூனை தட்டில் முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வரவில்லை என்றால் நேரம் நடுராத்திரியாக இருந்தாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அது அடைப்பு. வந்து ஒரு வாரம் போல் ஆனதும் தும்மல், கண்ணில் நீர் வந்தால் திகைக்க வேண்டாம். பூனைகளின் ஹெர்பிஸ் வைரஸ் உடம்பில் தூங்கிக் கிடந்து, இடம் மாறிய பதற்றத்தில் விழித்துக்கொள்ளும். ஆனாலும் காட்டிவிடுவது நல்லது. மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், ஒரே ஒரு பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனித்தனி அறை. முதலில் வாசனை பழகட்டும், படுக்கைத் துணிகளை மாற்றிப் போடுங்கள், மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள், அப்புறம் பார்வை. "சண்டை போட்டுத் தானே சரியாகிவிடும்" என்று விட்ட இடங்களில் பெரும்பாலும் சரியாவதில்லை.

காலண்டரைப் பார்க்காமல் எடுப்பது

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று தத்தெடுப்பவர்கள் மத்தியில் ஒரு கணக்குப் புழங்குகிறது. மூன்று நாளில் பதற்றம் கொஞ்சம் குறையும், மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று ஆகும். உத்தேசக் கணக்குதான் இது. ரொம்பக் கூச்சமான பூனைக்கு ஒரு வருடம்கூட ஆகும், சில பூனைகள் கடைசிவரை மடியில் உட்காராது. அதே சோபாவின் மறுமுனையில் வந்து படுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் அதுவும் முழு வெற்றிதான், மடி மட்டும்தான் வேண்டும் என்பவர்கள் ஏற்கெனவே மடியேறுகிற பூனையைக் கேட்டு வாங்கட்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூச்சப் பூனையைக் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெயிண்ட் அடிக்கப் போகிற வீடு, கல்யாண வீடு, பரீட்சை முடிந்து ஊருக்குக் கிளம்பப் போகிற வீடு எல்லாவற்றுக்கும் இதுவே. ஒரு மாதம் தள்ளிப் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

கடைசியாகக் கதவும் பால்கனியும். மாடி வீட்டில் புறாவுக்காகப் போடுகிற நைலான் வலையைப் பூனை கடித்துவிடும். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி வலைதான் சரி. கிரில் இடைவெளியில் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். இவ்வளவு பார்த்தும் தப்பிவிட்டால், பத்துப் பேர் டார்ச்சோடு பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தேடுவதுதான் அடுத்த தவறு. பயந்த பூனை தெரிந்த குரலுக்கும் பதில் தராது. அது தூரமும் போயிருக்காது: தொலைந்த பூனைகளைப் பற்றி 2018இல் வந்த ஓர் ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால்வாசி தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடி, ஜெனரேட்டர் பின்பக்கம், நிறுத்திய கார்களின் கீழ் என்று முதலில் பாருங்கள். நடுராத்திரிக்குப் பிறகு, தெரு அடங்கியதும், பூனைக்குப் பழகிய ஒரே ஆள் போய்த் தாழ்வாக டார்ச் அடித்தால் கண்கள் மின்னும். பார்த்துவிட்டால் பிடிக்கப் பாயாதீர்கள். சாப்பாடு வைத்துவிட்டு, காப்பகத்தில் பொறிக்கூண்டு இரவல் கேளுங்கள், கருத்தடைக்குத் தெருப்பூனைகளைப் பிடிப்பவர்களிடம் அது இருக்கும்.