மட்டக்களப்பிலிருந்து பலாலிக்கு வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணிக்கும் முறை

சிறு விமான நிலையங்கள் இரண்டுக்கு இடையிலான பறப்பு நேரத்தை இணையக் கணிப்பான்களில் தேடினால், அவற்றுட் பல பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தை வைத்தே விடை சொல்கின்றன. மணிக்கு 800 கிலோமீற்றர் என்று வைத்தால் மட்டக்களப்பிலிருந்து பலாலிக்கு 22 நிமிடமே வரும். அந்த விடையை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது. தாளும் பேனையும் எடுத்து நாமே கணிப்பதே நல்லது.

முதலில் இரு நிலையங்களின் அகலாங்கையும் நெட்டாங்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பு விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 7.71 பாகை, கிழக்கு 81.68 பாகையிலும், பலாலி வடக்கு 9.79, கிழக்கு 80.07 பாகையிலும் உள்ளன. அகலாங்கில் ஒரு பாகை 60 கடல்மைல் என்பதால், அகலாங்கு வித்தியாசமான 2.08 பாகையை 60 ஆற் பெருக்கினால் 125 கடல்மைல் கிடைக்கும். நெட்டாங்கு வித்தியாசமான 1.61 பாகையையும் 60 ஆற் பெருக்கி, நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் சராசரி அகலாங்கின் கோசைனாலும் பெருக்க வேண்டும். இலங்கையில் அது 0.99 அளவிலேயே இருப்பதால் விடை 95.5 கடல்மைல் ஆகும். எஞ்சியது பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றந்தான்: 157 கடல்மைல், அதாவது (ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர்) சுமார் 291 கிலோமீற்றர். இவ்வளவு குறுகிய தூரத்துக்குப் பூமியின் வளைவைத் தனியே கணக்கிலெடுக்கத் தேவையில்லை.

இனி நேரம். செஸ்னா கரவான் போன்ற ஒற்றை இயந்திர விமானம் 160 நொட் (மணிக்கு 160 கடல்மைல்) வேகத்திற் பறப்பதாகக் கொண்டால் 59 நிமிடம் ஆகும். ஓடுபாதைக்கு நகர்தல், மேலெழுதல், இறங்குமுன் சுற்றி வருதல் ஆகியவற்றுக்கு இன்னும் 15 நிமிடம் சேர்க்க வேண்டும். 270 நொட்டிற் பறக்கும் ஏரீஆர் 72 விமானத்துக்கு 59 நிமிடம் 35 ஆகக் குறைந்தாலும், அந்த 15 நிமிடம் குறைவதில்லை. குறுந்தூரப் பறப்பில் வேகத்தால் வரும் இலாபம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

பலாலிப் பாதை கிளிநொச்சிப் பக்கமாகச் சமவெளிக்கு மேலே செல்வதால் நேர்கோட்டுக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானைக்கு அப்படியன்று. மட்டக்களப்பிலிருந்து அங்கு 119 கடல்மைல், காற்றில்லாதபோது 45 நிமிடம். ஆனால் அந்தக் கோடு மகியங்கனையைத் தாண்டி மலைநாட்டைக் குறுக்கறுக்கிறது. அம்பாறையின் உகணை ஓடுதளத்திலிருந்து வரைந்தாலோ, கோடு 2524 மீற்றர் உயரமான பிதுருதலாகலைக்குப் 10 கிலோமீற்றருக்குள் வந்துவிடுகிறது. எனவே உயர எழவோ சுற்றிச் செல்லவோ நேரிடும். அதற்கும் சில நிமிடங்களை ஒதுக்க வேண்டும்.

மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு நோக்கிய பயணத்துக்கு எதிர்க்காற்று இருக்கும். அது 15 நொட்டானால் 160 இலிருந்து அதைக் கழித்து, 119 ஐ 145 ஆற் பிரிக்க வேண்டும்: 49 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ள, 41 நிமிடம் போதும்.

கடைசியாக, நிலத்தில் செலவாகும் நேரத்தைக் கூட்டுங்கள். கல்முனையில் உள்ளவருக்கு மட்டக்களப்பை அடையவே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதிப் பயணம் உண்டு. இரத்மலானையில் இறங்கிக் கொழும்புக் கோட்டைக்குப் போக வேண்டியவர், மாலையில் காலி வீதி நெரிசலுக்கு ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கினாலும் தவறில்லை.