ஆங்கிலத்தில் பரந்த வாசிப்பு: கல்லூரி மாணவர்கள் எங்கிருந்து, எப்படித் தொடங்குவது?

ஒரு மொழியைக் கற்பவர், தமக்கு எளிதாகவும் விருப்பமாகவும் இருக்கும் புத்தகங்களைக் கதைக்காகவோ செய்திக்காகவோ ஒன்றன்பின் ஒன்றாக, நிறைய வாசித்துச் செல்வதையே பரந்த வாசிப்பு என்கிறோம். வகுப்பறையில் நாம் பழகியது இதற்கு நேர்மாறானது. அங்கே இரண்டு பக்கப் பாடத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டு, அருஞ்சொற்களுக்கு அடிக்கோடிட்டு, வாக்கியத்தைப் பதம் பிரித்து, கடைசியில் வினாக்களுக்கு விடை எழுதுகிறோம். அந்த வாசிப்பும் தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதை மொழி கற்பித்தல் துறை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. பரந்த வாசிப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'எக்ஸ்டென்சிவ் ரீடிங்' என்ற பெயரை, ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் ஹெரால்டு பால்மர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பயன்படுத்தினார்.

பல்கலைக்கழக மாணவர்களிடம் இது பலிக்குமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று உண்டு. பெனிக்கோ மேசனும் ஸ்டீபன் கிராஷனும் 1997இல் வெளியிட்ட ஆய்வின் முதல் பகுதி, ஜப்பானில் ஆங்கிலப் பாடத்தில் தோற்று மீண்டும் அதே பாடத்தை எடுத்த மாணவர்களைப் பற்றியது. வழக்கமான பாடத்துக்குப் பதிலாக எளிய புத்தகங்களை வாசித்த அவர்கள், பருவத் தொடக்கத்தில் வழக்கமான வகுப்பினரைவிட மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தும், பருவ முடிவில் அவர்களை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள்.

படி 1: உங்கள் நிலையைக் கண்டுபிடியுங்கள்

முழு முயற்சியும் தேறுவதோ தேறாததோ இந்தப் படியில்தான் முடிவாகிறது என்பதால், இதற்கு மட்டும் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சிறு சோதனை. பின்வரும் வாக்கியத்தில் ஒரு சொல் பொருளற்றது, நானே புனைந்தது.

மழை வலுத்ததும் அவள் பையிலிருந்த பொசரியை எடுத்து விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

'பொசரி' என்பது குடை என்று நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். இப்போது அதே வாக்கியத்தில் மேலும் மூன்று சொற்களை மாற்றுகிறேன்.

மழை தமுத்ததும் அவள் பையிலிருந்த பொசரியை எடுத்து ஞெவித்து நுமலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பதினொரு சொற்களில் ஏழு இன்னும் உங்களுக்குத் தெரிந்தவையே, இலக்கணத்திலும் ஐயமில்லை. இருந்தும் முந்தைய வாக்கியத்தைப் பார்க்காமல் இதை மட்டும் வாசிப்பவருக்கு, பொசரி என்பது குடையா, துணியா, பழமா என்பதே விளங்காது. சூழலைக் கொண்டு சொல்லின் பொருளை ஊகியுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது, அந்தச் சூழல் புரியும் இடத்தில் மட்டுமே செல்லுபடியாகும் அறிவுரை.

ஹூ என்பவரும் பால் நேஷனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ இதைத்தான் செய்தார்கள்: ஓர் ஆங்கிலக் கதையில் வெவ்வேறு அளவில் பொருளற்ற சொற்களைப் புகுத்தி மாணவர்களிடம் கொடுத்தார்கள். 80 விழுக்காடு சொற்கள் மட்டும் தெரிந்த நிலையில் ஒருவர்கூடக் கதையைப் போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை. பெரும்பாலோர் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். ஐம்பது சொற்களுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம் என்பது இதன் பொருள். 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் ஐந்து. 90 விழுக்காடு என்று கேட்கும்போது நல்ல மதிப்பெண் போலத் தோன்றும், ஆனால் அதே பக்கத்தில் 25 சொற்கள் இருட்டில் இருக்கும்.

தாய்மொழியாளருக்காக எழுதப்பட்ட நாவல்களையும் செய்தித்தாள்களையும் இந்த 98 விழுக்காட்டு நிலையில் வாசிக்க, சுமார் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். பெரும்பாலான மாணவர்கள் இதற்கு வெகு தொலைவில் இருக்கிறார்கள். ஆகவே தொடங்குவோருக்கு உரியவை 'கிரேடட் ரீடர்' எனப்படும் படிநிலைப் புத்தகங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சொற்களுக்குள், கட்டுப்படுத்தப்பட்ட இலக்கணத்தோடு எழுதப்படுபவை. 1920களில் வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், மாணவர்கள் வாசித்துப் பயன்பெறத்தக்க ஆங்கில நூல்கள் இல்லாத குறையைக் கண்டு இவ்வகைப் புத்தகங்களை உருவாக்கிய முன்னோடி. இன்று பல பதிப்பகங்கள் இவற்றை வெளியிடுகின்றன. எடுத்துக்காட்டாக, ஆக்ஸ்போர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 தலைச்சொற்களுக்குள்ளும் (தலைச்சொல் என்பது அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொல்), இரண்டாம் நிலை 700, மூன்றாம் நிலை 1,000, ஆறாம் நிலை 2,500 தலைச்சொற்களுக்குள்ளும் அமைகின்றன. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் நிலை எண்கள் மாறும். ஒன்றின் மூன்றாம் நிலை மற்றொன்றின் இரண்டாம் நிலையாக இருக்கலாம் என்பதால், அட்டையில் உள்ள எண்ணை விட்டுவிட்டுத் தலைச்சொல் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது எளிது. ஒரு புத்தகத்தின் நடுவில் படமில்லாத ஒரு பக்கத்தைத் திறந்து, நிறுத்தாமல் வாசித்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். இப்புத்தகங்களின் பக்கங்கள் சிறியவை என்பதால் இரண்டு அல்லது மூன்று விரல்களுக்கு மேல் மடங்கினால் ஒரு நிலை கீழே இறங்குங்கள். விரல் மடங்காவிட்டாலும் வாசிப்பு தட்டுத்தடுமாறிச் சென்றால் அப்போதும் இறங்குங்கள், ஏனெனில் சொல் தெரிந்திருப்பதும் அதைக் கண்டவுடன் பொருள் மனத்தில் தோன்றுவதும் ஒன்றல்ல. ரிச்சர்டு டேயும் ஜூலியன் பாம்ஃபோர்டும் 2002இல் தொகுத்த பத்துக் கொள்கைகளில் முதலாவதே, வாசிக்கும் நூல் எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான்.

இங்கே மாணவர்களைத் தடுப்பது பெரும்பாலும் அறியாமையல்ல, கௌரவம். பட்டப்படிப்புப் படிக்கும் ஒருவர் 400 சொற்களில் எழுதிய கதைப் புத்தகத்தை நூலகத்தில் எடுக்கக் கூசுகிறார்; அருகில் இருப்பவர் கண்ணில் படாமல் அதை வைத்துவிட்டு 400 பக்க நாவலை எடுத்துச் செல்கிறார்; அது பதினைந்தாம் பக்கத்தோடு அலமாரிக்குத் திரும்புகிறது. கூச்சம் பெரிதாக இருந்தால் கைப்பேசியில் வாசியுங்கள், எவருக்கும் தெரியாது.

படி 2: புத்தகங்களைச் சேகரியுங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆங்கிலத் துறைக்கான அடுக்கில் இவை பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கும். இல்லையென்றால் வாங்கித் தருமாறு கேளுங்கள். எக்ஸ்டென்சிவ் ரீடிங் சென்ட்ரல் என்ற இணையதளத்தில் நிலைவாரியாகப் பிரித்த வாசிப்புப் பகுதிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. புராஜெக்ட் குட்டன்பர்க் தளமும் இலவசமே என்றாலும், அங்குள்ளவை பெரும்பாலும் காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள், ஆகவே தொடக்க நிலைக்கு அவற்றின் நடை கடினம். தாய்மொழிக் குழந்தைகளுக்கான புத்தகங்களையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். பள்ளி செல்லும் முன்பே அக்குழந்தைகள் வீட்டில் கேட்டுப் பழகிய விலங்கு, ஒலி, விளையாட்டுச் சொற்கள் பல, ஆங்கிலத்தைப் பாடமாக மட்டும் கற்றவருக்குப் புதியவை.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு புத்தகங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சலித்தால் அடுத்ததை உடனே எடுக்க முடிய வேண்டும்.

படி 3: நேரத்தை ஒதுக்குங்கள்

நாளொன்றுக்கு 20 நிமிடம் போதும். நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற மெதுவான வேகத்தில்கூட அது 2,000 சொற்கள். வாரத்தில் ஆறு நாள் வாசித்தால் 12,000. முதல் நிலைப் புத்தகம் ஏறத்தாழ 5,000 முதல் 6,000 சொற்கள் கொண்டது என்பதால், வாரத்துக்கு இரண்டு புத்தகங்கள் முடிந்துவிடும். பதினாறு வாரப் பருவத்தில் இது 1,92,000 சொற்களாகிறது. பாடநூலை மட்டும் வாசிப்பவர் இந்த அளவு தொடர்ச்சியான ஆங்கிலத்தை எட்டுவது அரிது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் சிறிது வாசிப்பது மேல், ஏனெனில் நேற்றுப் பார்த்த சொல்லை மறப்பதற்குள் மீண்டும் சந்திக்க வேண்டும்.

படி 4: வாசியுங்கள்

ஜப்பானில் 'ததோக்கு' என்ற பெயரில் இம்முறையைப் பரப்பிய பேராசிரியர் சக்காய் குனிஹிதே மூன்று விதிகளை முன்வைத்தார்: அகராதியைப் புரட்டாதீர்கள், புரியாததைத் தாண்டிச் செல்லுங்கள், சலித்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

முதல் விதியைக் கேட்டதும் பலர் திடுக்கிடுகிறார்கள். அகராதி கெட்டதல்ல, ஆனால் கைப்பேசியை எடுத்து, சொல்லைத் தட்டி, நான்கு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்து, இடையில் வந்த குறுஞ்செய்தியையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கதை எங்கே நின்றது என்பதே மறந்துவிடுகிறது. இதற்கு நான் பரிந்துரைக்கும் சமரசம், தெரியாத சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே செல்வது (நூலகப் புத்தகமாக இருந்தால் தனித்தாளில் குறிப்பது). அத்தியாயம் முடிந்தபின் திரும்பிப் பார்த்து, மூன்று முறைக்கு மேல் புள்ளி பெற்ற சொல்லை மட்டும் அகராதியில் தேடுங்கள். ஒரே ஒரு முறை வந்துபோன சொல்லைத் துரத்த வேண்டாம்.

இதற்குக் காரணம் உண்டு. வேரிங்கும் தக்காக்கியும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படிநிலைப் புத்தகத்தில் 25 புனைசொற்களைப் புகுத்தி ஜப்பானிய மாணவர்களை வாசிக்கச் செய்தார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு, பொருளைத் தாமாகவே சொல்லும்படி கேட்டபோது, சராசரியாக ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. இதைப் படித்துவிட்டு வாசிப்பால் சொல்வளம் பெருகாது என்று முடிவு கட்டுவது பிழை என்பது என் கருத்து. ஒரு புத்தகத்தால் பெருகாது; அடுத்தடுத்த புத்தகங்களில் அதே சொற்கள் வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட வேண்டும். ஆகவேதான் இம்முறையில் தரத்துக்கு நிகராக அளவும் முக்கியமாகிறது.

மூன்றாம் விதியைக் கடைப்பிடிப்பது படித்த பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். எடுத்ததை முடித்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. இங்கே தேர்வு இல்லை, ஆகவே பத்துப் பக்கத்தில் பிடிக்காத புத்தகத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

படி 5: பதிவு செய்யுங்கள்

தேதி, தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, பிடித்ததா இல்லையா என்று ஒரு வரி. இதற்கு மேல் எழுதினால் வாசிப்பு வீட்டுப்பாடமாகிவிடும். சொல் எண்ணிக்கை அச்சிடப்படாவிட்டால், மூன்று முழு வரிகளில் உள்ள சொற்களின் சராசரியைப் பக்கத்தின் வரிகளாலும் புத்தகத்தின் பக்கங்களாலும் பெருக்குங்கள்.

படி 6: மேலேறுங்கள், சில வேளை இறங்குங்கள்

ஒரே நிலையில் ஐந்தாறு புத்தகங்களை முடித்து, விரல் சோதனையில் பக்கத்துக்கு ஒன்றுகூட மடங்காத நிலை வந்தால் அடுத்த நிலைக்குச் செல்லுங்கள். வேகத்தையும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் கட்டுரை நூல்களை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று மார்க் பிரைஸ்பெர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தார். உங்கள் வேகம் 100இல் தேங்கி நின்றால், அது பெரும்பாலும் இன்னும் மேலேற வேண்டும் என்பதற்கான அறிகுறியல்ல. ஒரு நிலை கீழிறங்கி, ஏற்கெனவே பிடித்த புத்தகத்தை மீண்டும் வாசிக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.

படி 7: உங்கள் துறையை நோக்கித் திரும்புங்கள்

கதைகள் மட்டும் வாசித்தால் ஒரு குறை தங்கும். ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் உள்ள 570 சொற்குடும்பங்கள், பல்கலைக்கழகப் பாட உரைகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை நிரப்புகின்றன, ஆனால் புனைகதைகளில் 1.4 விழுக்காடு மட்டுமே. ஆகவே சுமார் 1,500 தலைச்சொல் நிலையை எட்டியபின், வாரத்துக்கு ஒரு புத்தகத்தையாவது புனைவல்லாததாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரே பொருளைப் பற்றி நான்கைந்து நூல்களைத் தொடர்ந்து வாசிப்பது நல்லது. உயிரியல் மாணவர் தொற்றுநோய்கள் பற்றிய எளிய நூல்களை வரிசையாக வாசித்தால், முதல் நூலில் தடுக்கிய சொற்கள் மூன்றாம் நூலில் பழகியவையாகிவிடும். அத்துறையின் பாடநூலை அதன் பிறகு எடுங்கள்; அதை மெதுவாக, அகராதியோடு, பழைய முறையிலேயே படிக்கலாம்.