பணியிடை நீக்கம்: மனுவில் எழுதும் முறை

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மனு எழுதிக் கொடுப்பவன் நான். பணியிடை நீக்க ஆணை கைக்கு வந்ததும் "வேலை போச்சு அண்ணே" என்று கலங்கிப்போய் வருகிறார்கள். வேலை போகவில்லை. விசாரணை முடியும்வரை பணிக்கு வர வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். வேலையே போனால் அது பணிநீக்கம். மனுவில் 'இடை' விடுபட்டால் விஷயமே மாறிவிடும். அப்புறம், 'எனக்கு அளித்த தண்டனை' என்றும் எழுதாதீர்கள். சட்டப்படி அது தண்டனை ஆகாது.

முதலில் ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். அரசு ஊழியர் என்றால் சம்பளத்துக்குப் பதிலாகப் பிழைப்பூதியம் உண்டு, தொடக்கத்தில் ஏறக்குறைய பாதிச் சம்பளம். வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றை அதற்குக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வராமலே மூன்று மாதம் கடந்துவிட்டதா? அப்படி மூன்று மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கம் நீளக் கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் குறிப்பிட்டு, "பணியிடை நீக்கத்தை ரத்து செய்து, மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுகிறேன்" என்று நேராகக் கேளுங்கள்.

மாணவர், சட்டமன்ற உறுப்பினர், கட்சிக்காரர் என்றால் இடைநீக்கம் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் விசைப்படகுகள் கரையில் நிற்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அது மீன்பிடித் தடைக்காலம். அதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை.