பழைய மிரர் படகின் கசிவைச் சோப்பு நீரால் கண்டறிதல்

மிரர் வகைப் பந்தயப் பாய்ப்படகின் காற்றறைகளில் (படகை மிதக்க வைக்கும் மூடிய அறைகளில்) நீர் புகுந்தால், வடிகால் துளையில் ஒரு ரப்பர்க் குழாயை இறுக்கமாகப் பொருத்தி, வாயால் மெதுவாக ஊதிக்கொண்டே இணைப்புகளின் மேல் தூரிகையால் சோப்பு நீரைப் பூசுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெலும் பிரிட்டனில் வடிவமைத்த இப்படகில் பிளைவுட் பலகைகள் செம்புக் கம்பியால் தைக்கப்பட்டு, கண்ணாடியிழை நாடாவும் ரெசினும் கொண்டு ஒட்டப்பட்டிருக்கும். மழுங்கிய முன்முகம், சிவப்புப் பாய், இணைப்போரமாக வரிசையாகத் தெரியும் கம்பித் தடங்கள் ஆகியவற்றால் இதை எளிதில் அடையாளம் காணலாம். பல ஆண்டுகளில் அந்த நாடா மரத்தை விட்டு மெல்லப் பிரியும்போது உண்டாகும் மயிரிழை இடைவெளி கண்ணுக்குப் புலப்படாது என்றாலும், அதன் வழியே வெளியேறும் காற்று சோப்புப் படலத்தை ஊதிப் பெருக்கிக் காட்டிவிடும். அறைக்குள் நீரை நிரப்பிச் சோதிப்பதைவிட இது நல்லது, ஏனெனில் உள்மரம் நனைவதில்லை. கசிவை அடைக்கப் பூசும் எபாக்சிப் பசை உலர்ந்த மரத்தில்தான் உறுதியாகப் பிடிக்கும். காற்றழுத்த இயந்திரத்தை மட்டும் ஒருபோதும் இணைக்காதீர்கள், நல்ல இணைப்புகளும் பிளந்துவிடும்.

படகு ஈரமாக இருக்கும்போது மரம் உப்பி விரிசலை மூடிக்கொள்ளும் என்பதால், நன்கு உலர்ந்த பிறகே சோதிக்க வேண்டும். நடுப்பலகைக் கூட்டின் (படகு பக்கவாட்டில் நகராமல் தடுக்க நீருக்குள் இறக்கும் பலகைக்கான உறையின்) அடியில் கசிவு இருந்தால் இம்முறை பயன்படாது. அங்கே அடைபட்ட காற்று இல்லை. அதற்குப் படகைத் தாங்கிகளின் மேல் ஏற்றி, உள்ளே இரண்டு வாளி நீர் ஊற்றி, அடியில் சொட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.