ஹாம் ரேடியோ போட்டிக்குக் கணினியை இணைப்பது எப்படி?

சிகியூ வேர்ல்டு வைட் போன்ற, முடிந்தவரை பல நிலையங்களோடு தொடர்புகொள்ளும் ஹாம் போட்டியில் பேண்டு (அலைவரிசைப் பட்டை) மாற்றும்போதெல்லாம் லாகிலும் (தொடர்புப் பதிவேடு) கையால் மாற்றிக்கொண்டிருந்தால், அவசரத்தில் ஏதாவது ஒரு தொடர்பு தப்பான பேண்டில் பதிவாகிவிடும். ரேடியோவே தன் அலைவரிசையைக் கணினிக்குச் சொல்லிவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஐகாம் ஐசி-7300 ரேடியோ, விண்டோஸ் கணினி, இலவச லாக் மென்பொருளான என்1எம்எம் லாகர் பிளஸ் ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன். தனி இன்டர்ஃபேஸ் பெட்டி வேண்டாம், ஒரு யூஎஸ்பி கேபிள் போதும்.

1. ஐகாம் தளத்திலிருந்து யூஎஸ்பி டிரைவரை முதலில் நிறுவுங்கள். கேபிளை அப்புறம்தான் செருக வேண்டும். டிவைஸ் மேனேஜரில் வரும் காம் போர்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ரேடியோவின் கனெக்டர்ஸ் மெனுவில் சிஐ-வி (ஐகாம் ரேடியோவைக் கணினி கட்டுப்படுத்தும் முறை) யூஎஸ்பி போர்ட்டை 'அன்லிங்க்' செய்து, வேகத்தை 115200 ஆக்குங்கள். மென்பொருளில் அதே போர்ட், அதே வேகம், முகவரி 94எச். டயலைத் திருப்பினால் கணினித் திரையில் அலைவரிசை எண் கூடவே ஓட வேண்டும். அது ஓடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. மோர்ஸ் (சிடபிள்யூ) அனுப்ப, ரேடியோவில் யூஎஸ்பி கீயிங்கை டிடிஆர் என்று வையுங்கள். டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டும் காம் போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கோடுகள். மென்பொருளில் 'சிடபிள்யூ/அதர்' கட்டத்தை டிக் செய்து, டிடிஆர் என்பதற்கு சிடபிள்யூ, ஆர்டிஎஸ் என்பதற்கு 'ஆல்வேஸ் ஆஃப்' கொடுங்கள். ரேடியோவின் யூஎஸ்பி சென்ட் ஆஃபிலேயே இருக்கட்டும். ஆர்டிஎஸ் வழியாக பிடிடி (ரேடியோவை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் சுவிட்ச்) வைத்தால், கணினி ரீஸ்டார்ட் ஆகும்போது ரேடியோ தானாக டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும் வாய்ப்பு உண்டு. குரல் தொடர்புக்கு, ரேடியோ கட்டளை வழியாக பிடிடி என்ற தேர்வே நல்லது.

இப்போது ரேடியோவின் பிரேக்-இன்னை (மோர்ஸ் அடித்ததும் தானாக டிரான்ஸ்மிட்டுக்குப் போகும் வசதி) ஆஃப் செய்து, கணினியில் பதிவான செய்தியை அனுப்பும் எஃப்1 விசையை அழுத்துங்கள். சைடுடோன் (நாம் அனுப்பும் மோர்ஸின் ஒலி) மட்டும் கேட்கும், ஆன்டெனாவுக்கு எதுவும் போகாது. சத்தம் சுத்தமாக இருந்தால் செமி பிரேக்-இன் போட்டு, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் சோதனைச் சுமை) 10 வாட்டில் சோதியுங்கள்.

4. சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பெரும்பாலும் அறைக்கு நேர் மேலேயே மொட்டை மாடி ஆன்டெனா. 100 வாட் போட்டதும் யூஎஸ்பி தொடர்பு அறுந்தால் டிரைவரைச் சந்தேகிக்காதீர்கள், கேபிளில் ஆர்எஃப் (ரேடியோ அலை மின்சாரம்) ஏறுகிறது. குட்டையான கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுங்கள். ஆன்டெனாவின் ஊட்டுமுனையிலும் (கேபிள் சேரும் இடம்) ஆர்எஃப் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு சோக் போடுங்கள். கடல் காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடும், போட்டிக்கு முன்பே கழற்றிப் பாருங்கள்.

5. கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசையுங்கள். சிகியூ வேர்ல்டு வைட் போட்டி நமக்குச் சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கும். போட்டிக்கான உலக மண்டலங்களில் இந்தியாவுடையது 22 என்பதால், மோர்ஸில் எஃப்2 விசையில் வைக்கும் செய்தி 599 22 (599 என்பது சிக்னல் அறிக்கை).

முடிந்ததும் லாகைக் கேப்ரில்லோ (போட்டி லாகுக்கான பொது வடிவம்) கோப்பாக எடுத்து 5 நாட்களுக்குள் போட்டி அமைப்பாளர்களுக்கு அனுப்புங்கள். பத்துத் தொடர்புதான் கிடைத்தது என்றாலும் சரி, அனுப்புங்கள். உங்களோடு பேசியவர்களின் லாகைச் சரிபார்க்க அது உதவும்.