புதுச்சேரி முதல் பரங்கிப்பேட்டை வரை பாய்ப்படகில்: கரையிறங்கி நடப்போருக்கான வழிகாட்டி

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் பாய்ப்படகு செலுத்துவோர், எஸ்பிரித்து சாந்தோ போன்ற தீவுகளின் குடாக்களில் நங்கூரமிட்டு, சிறு தோணியில் கரைக்குச் சென்று, குன்றேறித் திரும்புவது வழக்கம். அந்த முறையை நம் கடற்கரையில் அப்படியே பின்பற்ற இயலாது. புதுச்சேரியிலிருந்து பரங்கிப்பேட்டை வரை கரை ஏறக்குறைய நேர்கோடாகவே செல்கிறது. ஒதுங்குவதற்குக் குடா ஒன்றும் கிடையாது. ஆற்று முகத்துவாரங்களே இங்கு புகலிடம் என்பதால், எந்த முகத்துவாரத்தில் எந்த நேரத்தில் நுழைவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பப் புறப்படும் நேரத்தையும் நடைபயணத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலமே இதற்கு ஏற்றது. அப்போது வாடைக் காற்று தணிந்திருக்கும். விடியற்காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று வீசும். முற்பகல் கடந்ததும் கடற்காற்று எழும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புறப்படுவதை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று என்பதை நினைவில் கொண்டால், மார்கழி பிறந்துவிட்டது என்று துணிய மனம் வராது. துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றப்பட்டிருந்தாலும் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைதூரத் தென்கடலில் பிறக்கும் நீண்ட அலைகள், இங்கு காற்றே இல்லாத நாளிலும் முகத்துவாரத்தில் உடைந்து படகைப் புரட்டிவிடக்கூடும்.

இந்தப் பருவத்தில் கடல் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும். மீனவர்கள் இதனைத் தெண்டி என்பர். வடக்கிலிருந்து வருவது வன்னி. புதுச்சேரியில் நாம் புறப்படும் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்திலிருந்து கடலூர் துறைமுகம் சுமார் 12 கடல் மைல் தொலைவில் உள்ளது. நான்கு நாட் (மணிக்கு நான்கு கடல் மைல்) வேகத்தில் மூன்று மணி நேரத்தில் அடையலாம் என்று கணக்கு சொன்னாலும், தெண்டி ஒரு நாட் இழுத்தால் நான்கு மணி நேரம் ஆகிவிடும். எனவே காலை ஐந்தரை மணிக்குள் புறப்பட்டு, கடற்காற்று வலுப்பதற்குள் கடலூரை அடைந்துவிட வேண்டும். கரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளியே செல்லுங்கள். விரித்த வலைகளின் மிதவைகளும் கொடிகளும் கண்ணில் பட்டவுடன் அவற்றைச் சுற்றிச் செல்லுங்கள். அறுந்த வலைக்கு விலை கொடுப்பது ஒருபுறமிருக்க, சுக்கானில் வலை சிக்கினால் கடலில் இறங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

புறப்படும் முன், படகில் இருப்போரின் பெயர்களையும் திரும்பும் நாளையும் துறைமுக அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். படகின் பதிவுச் சான்றும் அனைவரின் ஆதார் அட்டையும் நனையாத பையில் இருக்கட்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரக் காவல் துறையை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். விஎச்எஃப் வானொலிக் கருவியில் 16ஆம் சேனலைத் திறந்தே வைத்திருங்கள்.

இனி முகத்துவாரம். ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல் ஆற்று வாயில்களில் படிந்துகொண்டே இருப்பதால், சென்ற மாதம் படகு ஓடிய வழி இந்த மாதம் திட்டாகியிருக்கும். ஓத ஏற்ற இறக்கமும் இங்கு ஒரு மீட்டருக்குக் குறைவே என்பதால், நீர் ஏறும்வரை காத்திருந்தாலும் பெரிய பயன் இல்லை. வாயிலுக்கு வெளியே அலை உடையாத ஆழத்தில் பாயை இறக்கி, இயந்திரத்தை ஓடவிட்டபடி கால் மணி நேரம் பொறுமையாகக் கவனியுங்கள். பெரிய அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வரும். அவற்றுக்குப் பின் சற்று ஓய்வு இருக்கும். மண்நிறத்தில் கலங்கி, வெண்நுரை விடாமல் தெரியும் இடம் திட்டு. அலை உடையாமல் வழுவழுப்பாக உள்ளே செல்லும் பட்டைதான் பெரும்பாலும் வழி. பிடித்த மீனோடு திரும்பும் ஃபைபர் படகு எதையாவது முன்னே விட்டு, அது சென்ற தடத்திலேயே, ஓய்வு தொடங்கும் கணத்தில் வேகம் குறையாமல் நுழையுங்கள். பாதி வழியில் தயங்கித் திருப்ப முயல்வதுதான் பெரும் ஆபத்து. ஏற்கெனவே கடற்காற்று வலுத்துவிட்டதென்றால், வெளியே ஆழமான நீரில் மாலைவரை நிற்பது சலிப்பானது என்றாலும் பாதுகாப்பானது.

நடைக்கு வருவோம். புறப்படுவதற்கு முந்தைய நாளே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டைப் பார்த்துவிடலாம். 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார் தங்கியிருந்த செங்கல் கட்டடத்தின் இடிபாடும் மரநிழலும்தான் எஞ்சியுள்ளன. கடலூரில் படகைக் கட்டியபின் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்களைக் காணலாம். 1690இல் ஆங்கிலேயர் இதை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தொலைவுவரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று முடிவாயிற்று. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் நிற்கிறது. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது, கேப்பர் மலையின் செம்மண் மேட்டைக் கடந்து, கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரம் செல்லும் வழி. மலை என்ற பெயருக்கு உயரம் போதாதுதான். ஆயினும் திருவந்திபுரத்தில் ஔஷதகிரிக் குன்றின் 74 படிகளையும் ஏறி ஹயக்ரீவரைத் தரிசித்தால் கால் வலி தெரியும். காலை ஆறு மணிக்கே தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

பரங்கிப்பேட்டை கடலூரிலிருந்து மேலும் 12 கடல் மைல் தெற்கே, வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ளது. அங்கே ஆழம் குறைவு. ஒரு மீட்டருக்கு மேல் நீரில் அமிழும் படகென்றால் அதைக் கடலூரிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் செல்வதுதான் அறிவுடைமை. சிறிய படகுடன் செல்வோரும் உள்ளூர் மீனவர் ஒருவரைக் கூலி பேசி வழிகாட்டியாக ஏற்றிக்கொள்ள வேண்டும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் பாய்மரம் நுழையாது. அங்கு வாடகைத் துடுப்புப் படகே சரி. இரவில் கடற்கரையில் நடக்க நேர்ந்தால் டார்ச் அடிக்காதீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது.

திரும்பும்போது தெண்டியும் பிற்பகல் கடற்காற்றும் சேர்ந்து தள்ளுவதால் பயணம் எளிது. ஆனால் அதே காற்று அரியாங்குப்பம் வாயிலில் அலையை எழுப்பியிருக்கும். ஆகவே திரும்பும் நாளிலும் விடியலிலேயே கிளம்புங்கள். வாயில் அடைபட்டிருந்தால், புதுச்சேரிக் கடற்கரைக் காந்தி சிலைக்கு எதிரே நங்கூரமிடலாம் என்று வடக்கே போக வேண்டாம். தலைமைச் செயலகத்துக்கு நேரே கடலில் செயற்கைத் திட்டு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. கடலூருக்கே திரும்பிச் செல்லும் அளவுக்கு எரிபொருள் மீதமிருக்க வேண்டும்.